பரவாத புற்று

புற்று பரவுமா என்று கணிக்கும் படர்கணிப்பான் சொன்ன எண் எழுபத்தொன்று. இலக்கியாவின் இடது சினைப்பையில் இருக்கும் புற்று, ஓராண்டுக்குள் கருப்பைக்குப் பரவ நூற்றுக்கு எழுபத்தொரு வாய்ப்பு.

தூத்துக்குடியில் யாரும் அந்த எண்ணை மறுத்துப் பேசுவதில்லை. வயிற்று நீரில் விடப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்படகுகள், புற்றணுக்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்துவந்து சொல்லும். அதோடு வயது, மரபணுப் பிழை, குடும்பத்தில் யாருக்கு இருந்தது, குழந்தை பெற்றதுண்டா என்பதையெல்லாம் சேர்த்துக் கணிப்பான் எண்ணைத் தரும். ஐம்பதைத் தாண்டினால் சினைப்பைகளோடு கருப்பையையும் எடுத்துவிடுவார்கள்.

"இப்பக் கருப்பையில ஏதாவது இருக்கா டாக்டர்?" என்று கேட்டாள் இலக்கியா. அவளுக்கு முப்பத்தாறு வயது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர்.

"சதைச் சோதனையில ஒண்ணும் இல்ல. ஆரம்ப நிலைதான். அந்த ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்துட்டுக் கவனமாப் பாத்துக்கிட்டே இருக்கலாம், முன்னெல்லாம் அப்படித்தான் செஞ்சாங்க" என்றார் டாக்டர் ஆயிஷா. "ஆனா எண் வந்த பிறகு, காத்திருங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லம்மா."

இலக்கியா தன் கணவனைப் பார்த்தாள். ரித்விக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தைக்காக நான்கு வருடமாக முயன்றுகொண்டிருந்தார்கள்.

"சரி, எடுத்துருங்க" என்றாள்.

அறுவைக்குப் பின் அவளுக்கு அழுகை வரவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். நடக்கச் சொன்னபோது நடந்தாள். எடுத்த கருப்பையை ஆய்வகம் சீவிச் சீவிப் பார்த்தது. ஒரு புற்றணுகூட இல்லை.

"நல்ல செய்திதான்" என்றான் ரித்விக்.

"ஆமா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய தங்கை ஓவியாவுக்கு அழைப்பு வந்தது. ஓவியாவுக்கு எந்த நோயும் இல்லை. அக்காவுக்குச் சினைப்பைப் புற்று என்பதால் அவளையும் சோதித்திருந்தார்கள். அவளுக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்காவும் கூடப் போனாள்.

ஓவியாவுக்கும் புற்று வந்து பரவ வாய்ப்பு என்று வந்த எண் ஐம்பத்தெட்டு. காரணங்களைத் திரை ஒவ்வொன்றாகக் காட்டியது. அதில் ஒன்றைப் படித்துவிட்டு இலக்கியா நிமிர்ந்தாள்.

"உடன்பிறந்தவருக்குக் கருப்பைப் பரவல்னு போட்டிருக்கு. எனக்குப் பரவலையே டாக்டர்."

"எடுத்ததால பரவல. எடுக்காம இருந்தா பரவியிருக்கும்னு அது கணக்குல சேத்துக்கிச்சு. இந்த வரி இல்லன்னா ஓவியாவோட எண் ஐம்பதுக்குக் கீழ."

"அது தப்புன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

டாக்டர் ஆயிஷா திரையை அணைத்தார். "எண் ஐம்பதைத் தாண்டியும் எடுக்காம யாராவது இருந்து பாக்கணும். பத்து வருஷமா யாரும் இருக்கல."

ஓவியா அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீ சொல்லுக்கா. நீ சொல்றபடி செய்றேன்."

இருந்து பாரு என்ற சொல் இலக்கியாவின் வாய்வரை வந்தது. சொன்ன பிறகு ஒருநாள் புற்று வந்து தங்கையின் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டால்? அந்தச் சுத்தமான ஆய்வக முடிவை நினைத்தாள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

"எடுத்துரு" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஓவியாவின் சினைப்பைகளும் கருப்பையும் ஆய்வகத்துக்குப் போயின. எல்லாமே சுத்தம். படர்கணிப்பான் தடுத்த புற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. சித்தி மகளுக்கும் பெரியப்பா மகளுக்கும் எண்கள் கொஞ்சம் ஏறின.

வீடு திரும்பும் வண்டியில் ஓவியா சன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள்.

"நாம ரெண்டு பேரும் தப்பிச்சிட்டோம், இல்லக்கா?"

"தப்பிச்சிட்டோம்" என்றாள் இலக்கியா.