கருவாட்டுக்குக் கொசுறு

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மாடி வீட்டில், சனிக்கிழமை காலை ஞானதுரையும் அவன் மனைவி ஜெயக்கொடியும் பெட்டியை இறக்கினார்கள். தெரிந்த மிளகாய் மண்டிக்காரர் ஒருவரின் வீடு. சுவரில் உப்புப் பூத்து உதிர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் ரயில் கரி நெடி, மூடினால் மிளகாய் நெடி. வாடகை இல்லை என்பதால் ஞானதுரைக்கு அது அரண்மனை.

தெற்கே எங்கள் ஊர் நாசரேத்தில் என் கடைக்கு அடுத்த கடை அவனுடையது. முதல் கர்ப்பம் தங்காமல் போனதிலிருந்து ஜெயக்கொடி சிரிப்பதையே விட்டிருந்தாள். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். இரண்டு நாள் பட்டணம் சுற்றினால் முகம் தெளியும் என்று கூட்டி வந்திருந்தான். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று அவன் ஜெபிக்காத நாள் இல்லை.

ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்ததும் செல்வம் என்பவனின் கைரிக்‌ஷாவில் திருவொற்றியூர் வரை போனார்கள். திரும்பும் வழியில், காசிமேட்டுக் கரையில் கருவாட்டு வாசனை. ஜெயக்கொடிக்கு வாய் ஊறியது. ரிக்‌ஷாவை ரோட்டில் நிறுத்திவிட்டு இருவரும் மணலில் இறங்கினார்கள்.

அலை தொடும் இடத்தில் ஒரு கருங்கல். அதன் மேல் கூடையோடு ஒருத்தி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வேறு கடை இல்லை. உச்சி வெயிலில் கரையே காய்ந்து கிடக்க, அவள் சேலை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி பாதி விலைக்குக் கேட்டாள். கூடைக்காரி உடனே தலையாட்டி, இருந்ததையெல்லாம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். அப்படித் தலையாட்டும் வியாபாரியைக் கண்டால், எங்கள் கடைத்தெருவில் சரக்கை இன்னொரு தரம் மோந்து பார்ப்போம். ஞானதுரை அன்று ஊர் சுற்ற வந்த ஆள். மூக்கை நாசரேத்திலேயே விட்டு வந்திருந்தான்.

"கொசுறு ஒண்ணும் கிடையாதா?" என்றாள் ஜெயக்கொடி. அதைக் கேட்காமல் கடையை விட்டு இறங்கினால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அன்று சோறு இறங்காது.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றைப் பார்த்தாள்.

"கீது. இட்டுகினு போறியா?"

"சரி, குடுங்க."

கொசுறென்று அவள் எதுவும் கொடுக்கவில்லை. காலிக் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டாள். பட்டணத்துக்காரி ஏய்த்துவிட்டாள் என்று கணவனும் மனைவியும் சிரித்தபடி திரும்பினார்கள். ஜெயக்கொடி சிரித்ததில் ஞானதுரைக்கு வந்த காரியம் ஜெயம்.

கொஞ்ச தூரம் போவதற்குள் செல்வத்துக்கு மூச்சு இரைத்தது. போகும்போது இல்லாத கனம் என்று முனகினான். அப்படி என்னதான் வாங்கினீர்கள் என்று கேட்டான். கல், கருவாடு, வராத கொசுறு எல்லாவற்றையும் ஞானதுரை வேடிக்கையாகச் சொன்னான்.

செல்வம் வண்டியைத் தரையில் வைத்துவிட்டான்.

"அவ இன்னா சொன்னா? எத்துகினு போன்னா, இட்டுகினு போன்னா?"

"இட்டுகினுன்னுதான். ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

"இல்ல நைனா. ஜாமான்னா எத்துகினு போன்னு சொல்லுவோம்." அவன் குரல் இறங்கியது. "ஆளுன்னாதான் இட்டுகினு."

கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

ஈர மணல்.

அந்தக் கல்லில் யாரும் கடை வைப்பதில்லை என்றான் செல்வம். செல்லம்மா என்ற மீன்காரியின் குழந்தையை அலை அங்கேதான் இழுத்துப் போனது. மறுநாள் அவளும் கடலில் இறங்கிவிட்டாள்.

ஞானதுரை கல்லுக்கு ஓடினான். யாரும் இல்லை. எங்களுக்கு வேண்டாம் என்று தொண்டை கிழியக் கடலைப் பார்த்துக் கத்தினான். வாங்கின சரக்கைத் திருப்பலாம். கொசுறைத் திருப்பிக் கொடுத்தவனை என் வியாபாரத்தில் நான் கண்டதில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஜெயக்கொடியின் வயிறு அளவுக்கு மீறிக் கனத்தது. பிள்ளை ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லியிருந்தாள் மருத்துவச்சி சிலுவையம்மாள். பிரசவத்தன்று அவளே வெளியே வந்து, இன்னொன்றும் இருக்கிறது என்றாள்.

இரண்டும் பெண். ஒரே முகம்.

பால் குடிக்குமுன்பே ஒன்று அடங்கிவிட்டது.

குழியை மூடும்போது ஞானதுரை என் காதோரம் குனிந்தான்.

"அண்ணாச்சி, நாம பொதைக்கது எதை?"

நான் மண்ணைத் தள்ளினேன்.

மிஞ்சியதற்கு ஜெரினா என்று பெயர் வைத்தார்கள். லட்சணமான பிள்ளை. ஜெயக்கொடி அதை இடுப்பை விட்டு இறக்கியதே இல்லை. யார் என்ன சொன்னாலும், என் பிள்ளை என்பாள். மூன்று வயதாகியும் பேச்சு மட்டும் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாது.

ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்தபோது, பலகையில் உட்கார வைத்துக் கருப்பட்டித் துண்டு கொடுத்தேன். நாசரேத்தைத் தாண்டியறியாத பிள்ளை. கருப்பட்டியைத் தொடாமல், செம்மண் புழுதி பறக்கும் தெருமுனையையே பார்த்தது.

பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய் திறந்து பேசியது.

"எங்கம்மா வந்துகினு கீது."

ஜெயக்கொடி அதன் கையைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றாள்.