கடைசி வரிசை வரை

மலைச்சாலையில் விரல் விறைக்கும் குளிர். அப்படியும் பேருந்தின் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரத்தில் இருந்த மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்துக்கொண்டிருந்தது.

பேருந்தை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தவள் நெடுஞ்சாலை ரோந்து அதிகாரி. டயருக்குள், பழக்கூடைக்கு அடியில், ஸ்பீக்கர் பெட்டிக்குள் என்று போதைப்பொருளை ஒளிக்கும் இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தாள்; ஒரு துண்டு, ஒரு சீப்பு, அவ்வளவுதான். ஆனால் டீசலும் ஈரத்துணியும் கலந்த அந்த வண்டி வாடைக்கு நடுவே அவரிடமிருந்து மட்டும் காய்ந்த இரும்பைப்போல ஒரு நெடி வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் கீழ இறங்குங்க."

அவர் எழுந்தார். படியிறங்கியதும் கால்கள் மடங்கிவிட்டன. ரோந்து ஜீப் டிரைவர் ஓடிவந்து தாங்கினார். இருவருமாக அவரைத் தடுப்புச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"தங்கச்சி, வயித்துக்குள்ள ஒண்ணு உடைஞ்சிருச்சு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ரப்பரில் சுற்றி விழுங்கிய போதைப்பொருள் பொட்டலங்கள்.

"எத்தனை முழுங்கினீங்க?"

"எண்ண விடல."

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். கீழ்வளைவில் மண் சரிந்து கிடக்கிறது, ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது என்றது குரல். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது.

"அண்ணே, ஜீப்புல போட்டு மேல போயிரலாமா?"

"மேல பாலத்து மேல தண்ணி போகுது மேடம். எங்கன்னு போறது?" டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "நாம பஸ்ஸ மறிச்சப்ப அந்த கண்டக்டர் வாய் ஓயாம பேசிட்டிருந்தான்ல? ஆளையே காணோம். பஸ் ஓட்டினவனும் இல்ல."

மூடுபனி சாலையை விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் நீர் சொட்டும் ஓசை கேட்டது, பாறைதான் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்காதே, வாந்தி எடுக்க வைக்காதே, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டையும் கடைப்பிடித்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் கிடந்த கல்லைப்போலக் கொதித்தது அந்தக் கை.

"புள்ளைங்கள வீட்டுல உக்கார வச்சிருக்காங்க. நான் போய்ச் சேந்தாதான் விடுவாங்க."

"யாரு? எந்த வீடு? சொல்லுங்கண்ணே."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேருந்தைப் பார்த்தார்.

"என்ன மட்டுந்தான் எறக்குனீங்களா?"

பினாத்துகிறார் என்று நினைத்தாள். அதற்குள் தாடை இறுகியது. குதிகால்கள் தார்ச்சாலையை அடித்தன. வேகமாக. இன்னும் வேகமாக. டிரைவர் தோளை அழுத்திப் பிடித்தார். அவள் இன்னொரு கையால் அவர் தலையைப் பிடித்தாள்.

பிறகு அழுத்த வேண்டியிருக்கவில்லை.

கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். இவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவேண்டும். பேருந்துக்குள் ஏறினாள்.

என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி ஏன் நிற்கிறது என்றும் கேட்கவில்லை.

டார்ச்சை அடித்தாள். முதல் வரிசையில் ஒரு பெரியவர். நெற்றியெல்லாம் முத்து முத்தாக ஈரம்.

"மேடம்." நடுவிலிருந்து ஒரு பெண்குரல். "எனக்கும் சுடுது."

"எனக்கும்," என்றது வேறொரு குரல்.

வெளிச்சத்தைக் கீழே இறக்கினாள். பெரியவரின் இரண்டு கைகளும் வயிற்றின் மேல். பக்கத்து இருக்கையிலும் வயிற்றின் மேல். அடுத்த வரிசை. அதற்கடுத்தது. சத்தமில்லாமல் அமுக்கிக்கொண்டு. அவளையே பார்த்துக்கொண்டு.

கடைசி வரிசையில் ஒரு தாய். அவள் கைகள் தன் வயிற்றில் இல்லை.

பக்கத்தில், பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த சிறுமியின் வயிற்றில்.