வேலைக்குத் தகுதி

விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டியும் திரையில் எண் வரவில்லை. கையைப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டினாள். வெறும் கோடு.

சட்டைகளுக்குக் காலர் தைப்பவள் அவள். தையல் ஹாலில் எல்லோருக்கும் காலரக்கா. காலையிலிருந்து நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல ஒரு கனம். லீவு கேட்டபோது சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டாக்டர் ரூமுக்குப் போ. அந்தம்மா சொன்னா விடறேன். சும்மா சீன் போடாத."

டாக்டர் ரூம் என்பது துணிக் கிடங்கின் மூலையில் பலகை அடித்து மறைத்த இடம். ஒரு நாற்காலி, ஒரு பிரிண்டர், கிளிப்பும் ஸ்டெத்தும் ஒயரில் தொங்கும் ஒரு திரை, அதில் எங்கோ இருக்கும் டாக்டரம்மாவின் முகம். சாயத் துணியின் புழுங்கிய நாற்றமும் மெஷின் எண்ணெயின் வாடையும் தொண்டையில் வந்து உட்கார, பலகைக்கு அப்பால் அறுபது மெஷின்கள் ஓயாமல் கடகடத்துக்கொண்டிருந்தன.

"ஸ்டெத்த நெஞ்சுல வைங்க."

வைத்தாள். டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கொஞ்சம் இடப்பக்கம்."

நகர்த்தினாள்.

"என்னங்க டாக்டர்?"

"ஒண்ணும் கேக்கல."

"மெஷின் ரிப்பேரா இருக்குமோ?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இப்பவும் வலிக்குதா?"

யோசித்தாள். "இல்ல... சாப்பாட்டு பெல் அடிச்சப்ப சுருக்குன்னு ஒரு வலி. அதோட நின்னுடுச்சு."

"இனிமே வலிக்காது. கை கால் அசையுதுல்ல? போய் வேலையப் பாருங்க."

திரை அணைந்தது. பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது.

நாடித் துடிப்பு: 0. வேலைக்குத் தகுதி: உண்டு.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் தேடினாள். இல்லை. எங்குமே இல்லை.

வெளியே ஓடினாள். கதவருகே சூப்பர்வைசர் வழியை மறித்து நின்றான். தாளைப் பிடுங்கிப் படித்தான்.

"தகுதின்னுதான போட்டிருக்கு?"

"சார், என் நாடி நின்னு போச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் தங்கச்சிக்காவது ஒரு போன்..."

"உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷலா?"

அவள் தோளைப் பிடித்து ஹாலின் பக்கம் திருப்பினான்.

வரிசை வரிசையாகக் குனிந்த முதுகுகள். யாராவது மூச்சு விடுகிறார்களா என்று தேடினாள். ஒரு முதுகுகூட ஏறி இறங்கவில்லை. இருமல் இல்லை. செருமல் இல்லை. மெஷின் மட்டும்.

பக்கத்து மெஷின்காரி தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

"வாக்கா. உக்காரு."

சிரித்தவளின் விரலில் ஊசி இறங்கியிருந்தது. ரத்தம் வரவில்லை. விரலையும் துணியையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே போனாள்.