தப்பான வீட்டு ஜன்னல்

"யாருங்க நீங்க? என் ஜன்னல் எங்கே?"

டெர்வ்லா ஏணியிலிருந்து திரும்பினாள். அறை வாசலில் ஒருவன், தலையிலிருந்து மழை சொட்டச் சொட்ட நின்றான். கையில் ஒரு கட்டுப் பரீட்சைத் தாள். சாம்பல் நிறக் கண்கள்... கோபத்திலும் அவை அழகாகத்தான் இருந்தன. அந்த நேரத்தில் அதைக் கவனித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இதோ இருக்கே," என்று சுவரில் சாய்த்திருந்த சட்டங்களைக் காட்டினாள். "ஜன்னலை ஏத்தி இறக்குற கயிறெல்லாம் இத்துப்போச்சு. டூஹி அம்மா மாத்தச் சொன்னாங்க."

"டூஹி அம்மா பக்கத்து வீடு."

அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஜன்னல் வேலையில் இதுவரை ஒரு குற்றம் கேட்டறியாதவள்!

டப்ளினில் அந்த வரிசை வீடுகளுக்கு முன்பக்கம் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம். குடித்துவிட்டு வருபவன்கூட வீடு மாறிப் போக மாட்டான். பின்சந்துப் பக்கம் வந்தால் எல்லாம் ஒரே செங்கல். "நாலாவது வீடு, பின்கதவு திறந்திருக்கும், நேரா மாடிக்குப் போ" என்றிருந்தார் டூஹி. போனாள். உள்ளேயும் அதே படிக்கட்டு, அதே கணப்பு, முதல் மாடியில் அதே ஆளுயர ஜன்னல். ஜார்ஜ் ராஜாக்கள் காலத்தில் கட்டியவன் ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்?

"நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"நீங்க ஏன் பின்கதவைப் பூட்டலை?"

"ஜன்னலைத் திருட வருவாங்கன்னு தெரியலைங்க."

"பேச்சைப் பாரு... பெரிய கணக்குப் புலியோ?"

"கணக்கு வாத்தியார். பேரு யூனன்."

அவள் வேலையைப் பார்த்தாள். புதுக் கயிறு கோத்து, சட்டத்துக்குள் எடைக்கு எடையாகத் தொங்கும் இரும்புக் குண்டுகளை மாட்டி, ஜன்னலைப் பொருத்தி, ஒற்றை விரலால் மேலே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. பெயின்ட் ஒட்டி வருஷக்கணக்கில் திறக்காமல் கிடந்த ஜன்னல் அது. ஈர மண் வாசனை உள்ளே வந்தது. யூனன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்... கொஞ்சம் அதிக நேரம்.

"டீ போடட்டுமா?"

"எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு டீ?" பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இனி இந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று சபதம் வேறு.

சில வாரம் கழித்து, டூஹி அம்மாவிடம் நம்பர் வாங்கி அவனே போன் செய்தான். ஜன்னல் நகர மாட்டேன் என்கிறதாம். டெர்வ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மாட்டிய ஜன்னலாவது, நகராமல் போவதாவது! சபதத்தை மறந்து ஓடினாள்.

தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இடுக்கு ஓரமாக விரலை ஓட்டினாள். விரல் வெள்ளையானது. இன்னும் முழுசாகக் காயாத பெயின்ட்! மேலிருந்து கீழ்வரை இடுக்கை அடைத்து யாரோ பூசியிருந்தார்கள், அதுவும் படு மோசமாக.

"யாரு பூசினது?"

அவன் தரையைப் பார்த்தான். "நான்தான்."

"என்னைக் கேலி பண்றீங்களா? ஒரு தடவை வீடு மாறி வந்துட்டேன்னு ஆயுசுக்கும் குத்திக் காட்டுவீங்களா?" பையை எடுத்துவிட்டாள். கண் கலங்கியதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"ஐயோ, அப்படியில்லை... போகாதீங்க. அன்னைக்கே மன்னிப்புக் கேக்கணும்னு டூஹி அம்மா வீட்டுக்கு ஓடினேன். அதுக்குள்ள நீங்க வேலைய முடிச்சுட்டுக் கிளம்பிட்டீங்க. ஜன்னல் நல்லா இருந்தா நீங்க இங்க வர ஒரு காரணமும் இல்லையே." அவன் குரல் இறங்கியது. "உங்களைப் பார்க்காம இருக்க முடியலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, டெர்வ்லா."

அவள் பையைக் கீழே வைத்தாள். பையிலிருந்து கத்தியை எடுத்து, இடுக்கில் பெயின்டைப் பொறுமையாக அறுத்தாள். ஜன்னலை உயர்த்தினாள். சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. கீழே சந்து வெறிச்சோடிக் கிடந்தது. திரும்பாமலே பேசினாள். 

"என் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். பட்டறையும் அங்கதான்."

"சரி..."

"அப்புறம் தினமும் சாயங்காலம் இந்தச் சந்துல எதுக்குடா நடக்கிறேன்?"