பார்வை விழுந்த இடம்

படமெடுக்கக் குளக்கரையில் கட்டிய ஓலை மறைப்புக்குள் ஜுரேமா குனிந்து நுழைந்தபோது குளத்தில் ஒரு பறவைகூடக் கிளம்பவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. இத்தனை நாளும் அவள் காலடி கேட்டாலே நாரைகள் எழும்பிவிடும், பன்றி பருமனில் எலி போலிருக்கும் காபிபாராக்கள் குட்டிகளோடு தண்ணீரில் தொப்பென்று விழும். இன்றைக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே நின்று, தலையை மட்டும் மெல்லத் திருப்பி அவள் பக்கம் பார்த்தன.

அவள் பயப்படவில்லை. அழுகை முட்டும்படி சந்தோஷப்பட்டாள்.

சின்ன வயதில் இந்தப் பாந்தனால் சதுப்புநிலச் சேற்றில் கேமராவும் கையுமாக அலைந்தது அவள்தான். தங்கச்சி இவோனி பை சுமந்துகொண்டு பின்னால் வருவாள், அவ்வளவுதான். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். ஜுரேமா கொரும்பா நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் உட்காரப் போனாள். கேமரா தங்கச்சி கைக்குப் போனது. பேரும் புகழும் கூடவே போயின. இவோனி எடுத்த ஜாகுவார் சிறுத்தைப் படம் போட்ட காலண்டர் அந்தப் பல் வைத்தியர் சுவரிலேயே தொங்கியது. வருஷம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான், ஐம்பது வயதில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு தங்கை வீட்டில் வந்து இறங்கியிருந்தாள்.

கையில் எடுத்ததுமே விரல்களுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. மிருகங்கள்தான் அவளை மறந்துவிட்டிருந்தன. இவோனி உட்கார்ந்தால் மீன்கொத்தி எதிரே வந்து உட்காரும். இவள் உட்கார்ந்தால் வெறும் கிளை. நேற்று ஆற்றாமை தாங்காமல் வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "அவளுக்கு மட்டும்தானா? எனக்கும் யாராவது வாங்களேன்."

இன்று வந்திருந்தன.

வீட்டில் இவோனி பிரான்யா மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னைக்காவது ஏதாச்சும் மாட்டுச்சா, இல்ல அதே மரக்கிளைதானா?"

"நீயே பாரு."

இவோனி பார்த்தாள். முதலைகள், நாரைகள், கடைசியில் கரையில் உட்கார்ந்திருந்த ஜாகுவார். எல்லாமே நேராகப் பார்த்தபடி. கரண்டி நின்றது, சிரிப்பும் நின்றது. ஜுரேமாவின் நெஞ்சுக்குள் தேன் இறங்கியது.

"யாரு வந்தா உன்கூட?"

"யாரும் வரல. தனியாத்தான் போனேன்."

"இல்லக்கா. நல்லாப் பாரு. இதுங்க கேமராவைப் பாக்கல. உன் தலைக்கு மேல, பின்னால எதையோ பாக்குதுங்க." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு அங்க போகாத."

"எரியுதாடி?"

"சத்தியமா அதுக்குச் சொல்லல..."

"பை தூக்கிட்டு வந்தவ, எனக்கு எங்க போகணும்னு சொல்றா!"

சூப்பைத் தொடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிட்டாள். தூரத்தில் எங்கோ புல் எரியும் புகை வாசனையும் வற்றிய குளத்தின் மீன் கவிச்சியும் கலந்து கனத்துக் கிடந்த காற்றில், சிள்வண்டுகளின் இரைச்சல் காதுக்குள் ஊசி போல இறங்கிக்கொண்டிருக்க, மூங்கில் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்து, தாங்கியில் நிறுத்திய கேமராவில் கண்ணைப் பொருத்தினாள். எல்லாம் நெருங்கி வந்தன. முதலைகளும் காபிபாராக்களும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் அரைவட்டமாக நின்றன. புதருக்குள்ளிருந்து ஜாகுவார் வந்து நடுவில் உட்கார்ந்தது.

அவள் எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். இவோனி வாழ்நாளில் எடுத்திராத படங்கள்.

சிள்வண்டுகள் நின்றன.

எடுத்ததைப் பார்க்கலாமென்று திரையைத் தட்டினாள். ஜாகுவாரின் மஞ்சள் கண்களைப் பெரிதாக்கினாள். இவோனி சொன்னது சரிதான். பார்வை மேலே, கூரையோடு ஒட்டி எங்கேயோ இருந்தது. அடுத்த படத்தில் கொஞ்சம் கீழே. அதற்கடுத்ததில் இன்னும் கீழே. உயரமாக நின்ற ஏதோ ஒன்று படத்துக்குப் படம் குனிந்துகொண்டே வருவது போல.

கடைசிப் படத்தில், அவள் காதுக்குப் பக்கத்தில்.

பின்னால் ஓலை நெரிந்தது. சேற்றில் நெடுநாள் ஊறிய முடியின் வாடை. கழுத்தில் மூச்சு. சூடாக இல்லை.

ஆற்றுப் பக்கமிருந்து இவோனியின் குரல் வந்தது. "அக்கா! அக்கா, எங்க இருக்க?"

எதிரே இருந்த ஒரு தலையும் குரல் வந்த பக்கம் திரும்பவில்லை. ஜாகுவார் மட்டும் காதுகளைப் பின்னுக்கு மடித்து, வயிறு மண்ணில் படப் பதுங்கியது.

ஜுரேமா கேமராவிலிருந்து கைகளை எடுத்தாள். இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள். இறுக்கமாக.

கிளிக்.

திரை ஒளிர்ந்தது. பதுங்கிய ஜாகுவார், பின்னால் செக்கர் வானம், ஒவ்வொரு மயிரும் துல்லியம். அப்படியொரு படத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்த நடுக்கத்திலும் பழைய எரிச்சல் வயிற்றைக் கிள்ளியது. இதுவும் தான் எடுத்ததல்ல.

கிளிக்.

இவோனியின் குரல் இப்போது வேறு திசையில், தள்ளித் தள்ளிப் போனது.

கிளிக். கிளிக்.

பிறகு ஈரமான ஏதோ ஒன்று அவள் கன்னத்தில் பதிந்து, முகத்தை மெதுவாக, பொறுமையாக, ஒரு பக்கமாகத் தள்ளியது. கேமராவில் கண்ணை வைக்க அதற்கு இடம் வேண்டியிருந்தது.