மூக்கு மடிக்காத கொக்கு

மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மாடிப்படி முடியும் இடத்தில் இருந்தது கைப்பயிற்சி அறை. அடிபட்ட கைகளையும் வெந்துபோன விரல்களையும் மறுபடி மடக்கவும் நீட்டவும் பழக்குவதுதான் அங்கே வேலை. புதிதாகச் சேர்ந்த தெரபிஸ்டுக்கு ஒரு நீள மேஜை, நாலு நாற்காலி, மருந்து நெடியோடு கலந்த ஈரச்சுவர் வாசனை, இவ்வளவுதான் கிடைத்தது. இழுப்பறை நிறையச் சதுரக் காகிதங்கள் இருந்தன. விரல்களுக்குக் காகிதம் மடிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். முன்பிருந்தவர் விட்டுப்போனவை என்று நினைத்தாள்.

ஆனால் எல்லாக் காகிதங்களிலும் மடித்துப் பிரித்த கோடுகள் இருந்தன. அத்தனையும் கொக்கின் கோடுகள். யாரோ ஆசை ஆசையாக ஒன்றையே திரும்பத் திரும்ப மடித்திருக்கிறார்கள். கடைசி மடிப்பான மூக்கு மட்டும் ஒன்றில்கூட விழவில்லை.

அறையைத் துடைக்க வரும் குருவியம்மாவைக் கேட்டாள். ஒல்லியாக இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று எண்ணியிருந்தாள். பழைய காகிதம் என்று சொன்னதோடு சரி, அந்தம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பாதிப் படி இறங்கிய தெரபிஸ்ட் குடையை எடுக்கத் திரும்பினாள்.

கதவுக்கு வெளியிலேயே கேட்டது.

நகத்தால் காகிதத்தை அழுத்தித் தேய்க்கும் சத்தம்.

உள்ளே யாரும் இல்லை. மேஜைமேல் ஒரு காகிதம் தானாகப் புரண்டது. அதன் ஒரு மூலை எழுந்து, தயங்கி, எதிர்மூலையோடு சேர்ந்தது. இடப்பக்கம் நேராக விழுந்தது, வலப்பக்கம் கோணலாக. வலது கை சரியில்லாதவர் மடிப்பது. தொழில் தெரிந்த கண்ணுக்கு அது புரிந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. இறக்கை வந்தது. வால் வந்தது. கழுத்தின் நுனி வளையப் பார்த்து நழுவியது. மறுபடி முயன்றது. மறுபடி நழுவியது.

நாற்காலியிலிருந்து ஒரு விசும்பல்.

"வரமாட்டேங்குது..."

தெரபிஸ்ட் ஓரடி பின்வாங்கினாள். பின்னாலிருந்து குருவியம்மா அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொக்கை எடுத்துப் பிரித்தாள். உள்ளங்கையால் நீவி இழுப்பறையில் வைத்தாள். "நாளைக்கு மடிக்கலாம்டா கண்ணு," என்றாள், காலி நாற்காலியிடம்.

பிறகு படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குருவி அவள் மகள். ஏழு வயசு. கொதிக்கிற தண்ணீர் கொட்டி வலது கை விரல்கள் ஒட்டிப்போயின. இந்த அறையில்தான் பயிற்சி. படகு ஒரு வாரத்தில் வந்தது, தவளை ஒரு மாதத்தில். ஆனால் கொக்கின்மேல்தான் அவளுக்கு உயிர். மூக்கை மடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோருமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்குள் இன்னொரு ஆபரேஷன், காய்ச்சல், மூன்றே நாள். அதன்பிறகு கெஞ்சிக் கேட்டு இந்த வேலையை வாங்கி இரண்டு வருஷமாகிறது.

"முடிச்சிட்டா போயிடுவா மேடம். அதான் பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறேன்."

பயிற்சியில் அழும் பிள்ளைகளைத் தெரபிஸ்ட் நிறையப் பார்த்தவள். "வலியில அழுதா பரவாயில்ல குருவியம்மா. இது தோத்துத் தோத்து அழுற அழுகை," என்றாள்.

உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள் குருவியம்மா. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் வேலை முடியும் நேரத்தில் கதவருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஏம்மா பிரிக்கிறன்னு நேத்து கேட்டுட்டா மேடம். கொஞ்சம் கூட இருக்கீங்களா?"

இருவரும் மேஜையருகே நின்றார்கள். காகிதம் புரண்டது. இறக்கை, வால், கழுத்து. நுனி நழுவியது. தாய் தன் இரண்டு விரல்களை அதன்மேல் வைத்தாள். ஐஸில் வைத்தாற்போல விரல் நுனிகள் வெளுத்தன. அவள் கையை எடுக்கவில்லை. மெல்ல, மிக மெல்ல, சேர்ந்தே அழுத்தினாள்.

மூக்கு மடங்கியது.

நாற்காலி அரை அடி பின்னால் நகர்ந்தது. அப்புறம் எதுவும் இல்லை.

குருவியம்மா புதிதாக ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். அது வைத்தபடியே கிடந்தது. அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இருட்டிக்கொண்டு வந்தபோது, போய்விட்டாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு எழுந்து, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அறையைப் பூட்டிய தெரபிஸ்ட் படியின் உச்சியிலிருந்து பார்த்தாள். குருவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தளர்ந்து தளர்ந்து இறங்கினாள். அவள் முதுகுப்பக்கம் சால்வை தொங்கவில்லை. அதன் நுனி ஒரு பிடியாகக் கசங்கி, இடுப்புக்கும் கீழே, பின்பக்கமாக விறைத்து நின்றது. ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் தாமதித்து, பிறகு இறங்கியது.

கம்பியில் மாட்டிக்கொண்டதென்று நினைத்தாளோ என்னவோ, குருவியம்மா திரும்பிப் பார்க்காமலே அதை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டு படி இறங்குவதற்குள் அது மறுபடி விறைத்தது.