வெள்ளிமலை மாட்டு ஆஸ்பத்திரி

மழை இப்படிக் கொட்டும் என்று ஆண்டாள் நினைக்கவேயில்லை... வெள்ளிமலை பஸ் நிறுத்தத்திலிருந்து துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவள், கண்ணில் பட்ட கட்டடத்துக்குள் நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த ஆட்டுக்குட்டி கத்தியது.

"மெதுவாங்க! எங்க உங்க மாடு?"

"மாடா?"

"இது மாட்டு ஆஸ்பத்திரிங்க. மாடு இல்லாம வந்தா இன்னாத்த பார்க்கிறது?"

முகம் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன. மழை கழுவிய இலையில் வெளிச்சம் பட்டதுபோல... 'இன்னாடி இது' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் கால்நடை மருத்துவர் கண்ணாயிரம். அவள் திருநாவலூர்க்காரி, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி கேட்க எங்கே போக முடிகிறது என்பதுதான் அவள் ஆய்வு. கல்வராயன் மலையில் எத்தனை ஊர் அலைந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மாமியார்... சுகாதார நிலையத்தில் கூடவே புருஷன்...

அப்போதுதான் பூமாலை என்ற மலைக்காரப் பெண் ஆட்டோடு நனைந்து வந்தாள். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. அவள் கன்னம்தான் வீங்கியிருந்தது. கண்ணாயிரம் எதுவும் கேட்காமல் முக்காலியை நகர்த்திப் போட்டான்.

"மழ வுடற வரைக்கும் உக்காரும்மா. ஆட்ட நான் பார்த்துக்கிறேன்."

ஆண்டாளுக்குச் சட்டென்று புரிந்தது. ஆட்டுக்கு என்றால் புருஷன் தனியாக அனுப்புகிறான்!

"சார், உள் ரூம வாரம் ஒருநாள் தர்றீங்களா? பொம்பளைங்க மனசு வுட்டுப் பேசறதுக்கு..."

"கேட்டுக்கினு நீங்க மெட்ராஸ் போயிடுவீங்க. அப்பறம் அடி வாங்கப்போறது யாருங்க?"

சுருக்கென்றது. ஆனால் நியாயம் அவன் பக்கம்தான். மறுவாரம், கள்ளக்குறிச்சிப் பெண்கள் உதவி மையத்தின் ஆலோசகரான செல்லியம்மாளை அழைத்து வந்தாள்.

"என் ஆய்வு முடிஞ்சாலும் இவங்க வந்துக்கினு இருப்பாங்க."

அவன் உள் அறைச் சாவியை நீட்டினான்.

பெண்கள் ஆடு மாடுகளோடு வரத் தொடங்கினார்கள். ஒருநாள் பூமாலையின் புருஷன் முனியன் வாசலில் வந்து நின்றான்.

"உள்ள இன்னா பேச்சு சார்?"

"ஆட்டுக்கு ஊசி போட்டிருக்கு. ஆள் போனா மெரளும். நீ இங்கியே உக்காரு."

கண்ணாயிரம் கதவை மறித்து நின்றான். உள்ளே பூமாலை முடிவெடுத்துவிட்டாள். பின்வாசல் வழியாகச் செல்லியம்மாளோடு மலை இறங்கினாள். புகார் கொடுத்துவிட்டு அன்றே அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சேதி வந்ததும் ஆண்டாளின் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற கண்ணாயிரம், மேல்தட்டிலிருந்த மருந்தை எடுக்கக் கையைச் சட்டென்று உயர்த்தினான். அவ்வளவுதான்... அவள் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் பார்த்தான். கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

மறுவாரம் மருந்துப் புட்டிகளெல்லாம் கீழ்த்தட்டில் இருந்தன.

"என்னைப் பார்த்தா பாவமா இருக்கா சார்?" அவள் சீறினாள். "ஆமா, எனக்கும் ஒரு புருஷன் இருந்தான். அடிச்சான். வுட்டுட்டு வந்து படிச்சேன். எனக்காக யாரும் இரக்கப்பட வேணாம்!"

அதன்பிறகு அவள் மலையேறவில்லை. செல்லியம்மாள் மட்டும் போய்வந்தாள். ஆனால் கண்ணை மூடினால் பனிமூட்டம்... அதற்குள் சிரிக்கும் இரு கண்கள்...

ஆய்வு முடிந்து சென்னைக்குக் கிளம்பிய மாலையில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மெல்லிய தூறல். மருந்துப் பெட்டியோடு எதிரே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன்தான்!

"கோவம் கம்மியாச்சுங்களா?"

"ஜாஸ்திதான் ஆயிருக்கு." உதடு சிரிப்பை அடக்கத் தவித்தது.

"பாவம்னு நெனச்சு புட்டிங்கள எடம் மாத்தலீங்க. என் எதிர்ல நீங்க பயப்படாம நிக்கணும்னு ஆசப்பட்டேன். அதுக்குப் பேரு இரக்கம் இல்லீங்க..."

"வேற இன்னா பேராம்?"

அவன் காது மடல் சிவந்தது. "உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க."

சென்னை பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஏறவில்லை.

"எனக்கு பயம் போக நாளாகும்..."

"ஆகட்டுங்க."

"நடுவுல கோவமும் வரும்."

"அதத்தான் பார்த்துட்டேனே!"

கலகலவென்று சிரித்துவிட்டாள். சிரித்த கண்களை விலக்காமல் அவனையே பார்த்தாள்.

"எனக்கும் உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு... கண்ணாயிரம்."